சமனானவை ஏன் சமனாகவில்லை? வலைச் செய்நிரலில் தசம எண்ணையும் நிறைவெண்ணையும் ஒப்பிடுதல்

0.7 + 0.2 + 0.1 இன் பெறுமானம் யாது? மாணவர்களே, இவ்வினாவுக்கு விடையளிக்க உங்களுக்கு ஒரு கணமும் தேவைப்படாது. ஆனால் இதே கூட்டலை இணைய உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதி, அதன் விடை 1 இற்குச் சமனா என்று வினவினால் "பொய்" என்றே பதில் வரும். கணினி பழுதடையவில்லை. மொழியும் பிழையானதன்று. எண்கள் கணினியினுள் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்பதை அறியாமல் ஒப்பிட்டதே இங்குள்ள சிக்கலாகும்.

வகுப்புப் புள்ளிகளைக் கணிக்கும் வலைப்பக்கம் ஒன்றை நீங்கள் அமைப்பதாகக் கொள்க. எழுத்துப் பரீட்சைக்கு 0.7, செயன்முறைக்கு 0.2, ஒப்படைக்கு 0.1 எனப் பங்குகள் வழங்கப்படுகின்றன. மூன்றினதும் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தால் மாத்திரமே புள்ளிகளைக் கணிக்க வேண்டும். இதற்கான போலிக் குறிமுறை பின்வருமாறு அமையும்.

மொத்தம் = 0.7 + 0.2 + 0.1
மொத்தம் == 1 எனின் புள்ளிகளைக் கணி
இல்லையெனில் "பங்குகள் பிழை" எனக் காட்டு

இதனை இயக்கினால் "பங்குகள் பிழை" என்றே திரையில் தோன்றும். பங்குகளை மீண்டும் மீண்டும் சரிபார்த்தாலும் அவற்றில் பிழை இராது. இதைவிட வியப்பானது என்னவெனில், இரண்டாம் மூன்றாம் பங்குகளை இடம் மாற்றி 0.7 + 0.1 + 0.2 என எழுதினால் அதே செய்நிரல் எவ்விதத் தடையுமின்றிப் புள்ளிகளைக் கணிக்கும்! கூட்டலில் ஒழுங்கு மாறினாலும் விடை மாறாது என்று கற்ற நமக்கு இது ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்றாகத் தோன்றலாம்.

இத்தகைய வழுக்களைத் தேடும்போது இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்க. ஒப்பிடப்படுபவை எந்தத் தரவு வகையைச் சேர்ந்தவை? திரையில் தெரிவதை விடுத்து, நினைவகத்தில் உண்மையில் உள்ள பெறுமானம் யாது? இவ்விரண்டுக்கும் விடை காணாமல் செய்நிரலில் அங்குமிங்கும் மாற்றங்களைச் செய்வதால் ஒரு வழு மறைந்து வேறொன்று தோன்றுமேயன்றித் திருத்தம் கிடைக்காது.

(இப்பகுதியில் கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளோம். கணினியில் அவற்றை அந்தந்த மொழிக்குரிய ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டச்சுச் செய்தல் வேண்டும். மாறிகளின் பெயர்களையோ ஜாவாஸ்கிரிப்டில் தமிழிலேயே எழுதலாம்; அம்மொழி அதனை ஏற்றுக்கொள்ளும்.)

எண்ணா, சரமா?

வலைப் படிவத்திலுள்ள உரைப்பெட்டியில் பயனர் எதைத் தட்டச்சுச் செய்தாலும் அது செய்நிரலிடம் ஒரு சரமாகவே வந்து சேரும். 75 எனத் தட்டச்சுச் செய்தால் வருவது எழுபத்தைந்து என்னும் எண் அன்று. 7, 5 என்னும் இரு வரியுருக்களின் தொடராகும்.

ஜாவாஸ்கிரிப்ட் இரு சரங்களை ஒப்பிடும் முறை, அகராதியில் சொற்களை ஒழுங்குபடுத்தும் முறையை ஒத்தது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியுருவாக எடுத்து அவற்றின் குறியெண்களை ஒப்பிடும். முதல் வேறுபாட்டைக் கண்டதும் முடிவு கூறிவிடும். அஸ்கி குறிமுறையில் 0 இன் குறியெண் 48, 1 இன் குறியெண் 49, இவ்வாறே சென்று 9 இன் குறியெண் 57 ஆகும். தசமப் புள்ளியின் குறியெண் 46.

இப்பொழுது "100" < "75" என்பதைக் கவனிக்க. முதல் வரியுருக்கள் 1 உம் 7 உம் ஆகும். 49 ஆனது 55 ஐ விடச் சிறியது. ஆகவே விடை "உண்மை". அதாவது, நூற்றுக்கு நூறு பெற்ற மாணவர் 75 என்ற எல்லையைத் தாண்டவில்லை என்று அவ்வலைப்பக்கம் அறிவிக்கும். இதே காரணத்தால் "9.5" > "10" என்பதும் "உண்மை" ஆகிவிடும்.

இவ்வழு நெடுங்காலம் மறைந்திருக்கக் கூடியது. 62, 75, 81 போன்ற இரண்டிலக்கப் புள்ளிகளைக் கொடுத்துச் சோதித்தால் எல்லா விடைகளும் சரியாகவே வரும். "39.5" < "40" என்பதும் தற்செயலாகச் சரியாகும். எனவே புள்ளிகளை ஒப்பிடும் செய்நிரலைச் சோதிக்கும்போது 100 ஐயும், 9 போன்ற ஓரிலக்க எண்ணையும், ஒரு தசம எண்ணையும் தவறாது கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒருபுறம் சரமும் மறுபுறம் எண்ணும் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் சரத்தை எண்ணாக மாற்றிய பின்னரே ஒப்பிடும். ஆகவே "100" < 75 என்பதற்கு "பொய்" என்ற சரியான விடை கிடைக்கும். எல்லைப் புள்ளியைச் செய்நிரலிலேயே எழுதியிருந்தவரை சரியாக இயங்கிய பக்கம், அந்த எல்லையையும் உரைப்பெட்டியிலிருந்து பெறத் தொடங்கியதும் பிழைப்பது இதனாலேயாகும். கூட்டலிலும் இதே கவனம் தேவை. "40" + 5 இன் விடை 45 அன்று, "405" ஆகும். ஆனால் "40" − 5 இன் விடை 35. கூட்டற் குறி சரங்களை இணைக்கவும் பயன்படுகிறது, கழித்தற் குறிக்கு அப்பணி இல்லை என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

சேவையகத்தில் இயங்கும் பி.எச்.பி. மொழி வேறு விதமாக நடந்துகொள்ளும். இரு சரங்களும் எண் வடிவில் இருந்தால் அது அவற்றை எண்களாகவே கருதி ஒப்பிடும். அங்கு "100" < "75" என்பது "பொய்". அவ்வாறே "10" == "10.0" என்பது பி.எச்.பி. யில் "உண்மை", ஜாவாஸ்கிரிப்டில் "பொய்". ஒரே நிபந்தனையை உலாவியிலும் சேவையகத்திலும் எழுதிச் சரிபார்ப்பது வழக்கம். பார்வைக்கு ஒன்றேயான அவ்விரு வரிகளும் எதிரெதிரான விடைகளைத் தரக்கூடும் என்பதை மனத்திற் கொள்க.

பி.எச்.பி. பற்றிய பழைய நூல்களைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். புள்ளிக்குப் பதிலாக "வரவில்லை" என்ற சொல் பதியப்பட்டிருந்து, அதனை 0 உடன் == மூலம் ஒப்பிட்டால், முன்னைய பதிப்புகள் "உண்மை" என்றே கூறின. பரீட்சைக்கு வராதவரும் பூச்சியம் பெற்றவரும் ஒருவராகிவிட்டனர். 2020 இல் வெளியான 8.0 பதிப்பிலிருந்து இதன் விடை "பொய்" ஆகும்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம், ஒப்பிடுவதற்கு முன்னரே சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்வதாகும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு "நம்பர்", "பார்ஸ்ஃப்ளோட்" என இரு கட்டளைகள் பெரிதும் பயன்படுகின்றன. பணத்தொகையை "1,250.50" எனக் காற்புள்ளியுடன் ஒருவர் பதிந்தால், பார்ஸ்ஃப்ளோட் காற்புள்ளி வரை மட்டும் வாசித்து 1 என்ற விடையைத் தரும். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபா ஒரு ரூபாவாகிவிடும், எவ்வித எச்சரிக்கையும் இராது. நம்பர் கட்டளையோ "இது எண்ணன்று" என்னும் சிறப்புப் பெறுமானத்தைத் தரும். அப்பெறுமானத்தை எந்த எண்ணுடன் <, >, == என்பவற்றால் ஒப்பிட்டாலும் விடை "பொய்" என்பதால் அதனைத் தனியே சோதித்துப் பயனருக்கு அறிவித்தல் வேண்டும். எமது கருத்தில், பிழையை வெளிப்படுத்தும் கட்டளையே பிழையை விழுங்கிவிடும் கட்டளையைவிட மேலானது. ஆயினும் நம்பர் கட்டளையிலும் ஒரு பொறி உண்டு. வெறுமையாக விடப்பட்ட பெட்டியை அது 0 ஆக மாற்றும். ஆதலால் பெட்டி வெறுமையா என்பதை முதலில் பார்க்க.

2 உம் 2.0 உம் ஒன்றா?

ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமான எண்கள் யாவும் ஒரே தரவு வகையினவாகும். அங்கு 2 உம் 2.0 உம் முற்றிலும் ஒன்றே. == ஆல் ஒப்பிட்டாலும் வகையையும் சேர்த்து ஒப்பிடும் === ஆல் ஒப்பிட்டாலும் விடை "உண்மை".

பி.எச்.பி. யில் நிறைவெண் ஒரு வகை, தசம எண் வேறொரு வகை. எனவே 2 == 2.0 என்பது "உண்மை" ஆயினும் 2 === 2.0 என்பது "பொய்". மேலும் அம்மொழியில் ஓர் எண்ணைக் கீழ்நோக்கி நிறைவெண்ணாக்கும் "ஃப்ளோர்" என்னும் கட்டளை தரும் விடை, பார்வைக்கு நிறைவெண்ணாகத் தெரிந்தாலும் தசம வகையையே சாரும். 5.7 ஐ அவ்வாறு குறைத்து 5 உடன் === ஆல் ஒப்பிட்டால் "பொய்" என வருவது இதனாலேயே. பைதன் மொழியிலும் இவை இரு வகைகளே; ஆயினும் 2 == 2.0 என்பது அங்கும் "உண்மை".

0.1 ஏன் கணினிக்குள் அடங்குவதில்லை?

இனி நமது முதல் உதாரணத்துக்கு வருவோம். அங்கு பங்குகள் மூன்றும் எண்களே, சரங்கள் அல்ல. ஆகவே மேற்கூறிய எக்காரணமும் அதற்குப் பொருந்தாது. விடை துவித எண் முறையில் உள்ளது.

பதின்ம முறையில் 1/3 ஐ எழுதினால் 0.3333... என முடிவின்றி நீளும் என்பதை அறிவீர்கள். 1/4 ஐ எழுதினால் 0.25 என முடிந்துவிடும். ஒரு பின்னத்தை எளிய வடிவத்தில் எழுதும்போது அதன் பகுதியெண்ணின் முதன்மைக் காரணிகள் 2 உம் 5 உம் மட்டுமாயின் அது பதின்ம முறையில் முடிவுறும். துவித முறைக்கு இன்னும் கடுமையான நிபந்தனை உண்டு. அங்கு பகுதியெண் 2 இன் வலுவாக இருந்தால் மட்டுமே எண் முடிவுறும். 1/10 இன் பகுதியெண் 2 × 5. அந்த 5 என்னும் காரணியே தொல்லைக்குக் காரணம்.

தசமத்தைத் துவிதமாக மாற்ற, அதனை 2 ஆல் பெருக்கி, தசமப் புள்ளிக்கு இடப்புறம் வரும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய தசமப் பகுதியை மீண்டும் 2 ஆல் பெருக்க வேண்டும். முதலில் 0.625 ஐ எடுப்போம்.

0.625 × 2 = 1.25 → 1
0.25 × 2 = 0.5 → 0
0.5 × 2 = 1.0 → 1

மீதி பூச்சியமானதால் 0.625 = 0.101 (அடி 2). இப்பொழுது 0.1 ஐ எடுப்போம்.

0.1 × 2 = 0.2 → 0
0.2 × 2 = 0.4 → 0
0.4 × 2 = 0.8 → 0
0.8 × 2 = 1.6 → 1
0.6 × 2 = 1.2 → 1
0.2 × 2 = 0.4 → 0

மீதி மறுபடியும் 0.2 ஆகிவிட்டது. எனவே 0.000110011001100... என 0011 என்னும் தொகுதி முடிவின்றி மீளும். இதனை முழுமையாக எழுதிவைக்க எந்த நினைவகமும் போதாது.

ஜாவாஸ்கிரிப்டும் பி.எச்.பி. யும் தசம எண்களை வைத்திருக்கப் பயன்படுத்துவது, 1985 இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 754 நியமத்தில் வரையறுக்கப்பட்ட 64 பிட் மிதக்கும் புள்ளி வடிவமாகும். அதில் 1 பிட் குறிக்கும், 11 பிட் அடுக்குக்கும், 52 பிட் இலக்கங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. எழுதாமலே கொள்ளப்படும் முதல் இலக்கத்தையும் சேர்த்தால் 53 துவித இலக்கங்கள். அதற்கு மேற்பட்டவை மட்டந்தட்டப்படும். அதன் விளைவாக நினைவகத்தில் உண்மையில் இருப்பவை (20 தசம தானங்களுக்கு):

0.7 இற்குப் பதிலாக 0.69999999999999995559
0.2 இற்குப் பதிலாக 0.20000000000000001110
0.1 இற்குப் பதிலாக 0.10000000000000000555

ஒவ்வொரு கூட்டலின் பின்னும் விடை மீண்டும் மட்டந்தட்டப்படும். 0.7 + 0.2 ஐ முதலில் கூட்டினால் 0.8999999999999999 கிடைக்கும், அதனுடன் 0.1 ஐக் கூட்ட 0.9999999999999999 கிடைக்கும். அது 1 அன்று. 0.7 + 0.1 + 0.2 என்ற ஒழுங்கிலோ இடையில் 0.7999999999999999 கிடைத்தாலும், இறுதி மட்டந்தட்டல் மேல்நோக்கிச் சென்று சரியாக 1 ஐத் தந்துவிடுகிறது. ஒழுங்கு மாறியதும் விடை மாறிய மர்மம் இதுவே. இரண்டாவது ஒழுங்கு சரியான விடையைத் தந்தது அதிர்ஷ்டத்தால் மட்டுமே என்பதையும் கவனிக்க.

எல்லாத் தசம எண்களும் இவ்வாறு பிழைப்பதில்லை. 0.5, 0.25, 0.75, 0.125 என்பவற்றின் பகுதியெண்கள் 2 இன் வலுக்களாதலால் அவை துல்லியமாகவே சேமிக்கப்படும். 0.5 + 0.25 + 0.25 என்பது எவ்வொழுங்கிலும் 1 இற்குச் சமனே. 39.5 போன்ற அரைப் புள்ளிகளையும் அச்சமின்றி ஒப்பிடலாம். ஆனால் 0.00 முதல் 0.99 வரையுள்ள இரு தசம தான எண்கள் நூற்றையும் எடுத்தால், அவற்றுள் துல்லியமாகச் சேமிக்கப்படுபவை 0.00, 0.25, 0.50, 0.75 ஆகிய நான்கு மட்டுமே. எஞ்சிய 96 உம் அண்ணளவானவை. ரூபாவும் சதமும் கலந்த தொகைகளை ஒப்பிடும் கடைப் பக்கங்களில் இவ்வழு அடிக்கடி தலைகாட்டுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வளவு சிறிய வழுவால் என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். 1991 பெப்ரவரி 25 ஆந் திகதி வளைகுடா யுத்தத்தின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நடந்ததை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. வரும் ஏவுகணைகளைத் தடுக்க நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் தொகுதியின் கடிகாரம், நேரத்தைச் செக்கனின் பத்திலொன்றுகளாக, நிறைவெண்ணாகவே எண்ணியது. அதுவரை பிழையில்லை. அந்த எண்ணைச் செக்கனாக்க 0.1 ஆல் பெருக்கியபோது, 24 பிட் இடத்தில் துண்டிக்கப்பட்ட 0.1 பயன்பட்டது. ஒரு தடவைக்கு வழு ஏறத்தாழ 0.000000095 மட்டுமே. ஆனால் தொகுதி தொடர்ந்து சுமார் 100 மணித்தியாலங்கள் இயங்கியிருந்தது. 100 மணித்தியாலங்களில் 36 இலட்சம் பத்திலொன்றுகள் உள்ளன. 3600000 × 0.000000095 ஐப் பெருக்கினால் 0.34 செக்கன் வரும். அந்நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். தொகுதி அதனைத் தவறான இடத்தில் தேடியது. படைவீரர் 28 பேர் உயிரிழந்தனர். இது வலைப்பக்கம் அன்று. ஆனால் நாம் மேலே 2 ஆல் பெருக்கிக் கண்ட அதே 0.1 தான்.

திரை கூறுவதை நம்பலாமா?

பி.எச்.பி. யில் 0.7 + 0.2 + 0.1 இன் விடையை "எக்கோ" கட்டளையால் திரையிடுக. 1 என்றே தெரியும். அதே விடையை 1 உடன் ஒப்பிடுக. "பொய்" என வரும். திரையில் 1, ஒப்பீட்டில் 1 அன்று! காரணம், எக்கோ வழக்கமாக 14 பொருளுள்ள இலக்கங்களுக்கு மட்டந்தட்டியே காட்டும். ஒப்பீடோ மட்டந்தட்டாத பெறுமானத்தைக் கொண்டு நடைபெறும்.

எனவே வழுவைத் தேடும்போது எக்கோவை விடுத்து "வார்-டம்ப்" கட்டளையைப் பயன்படுத்துக. 7.1 பதிப்பிலிருந்து அது 0.9999999999999999 என முழுமையாகக் காட்டுவதோடு, தரவு வகையையும் கூடவே தரும். ஜாவாஸ்கிரிப்டில் வகையை அறிய "டைப்ஆஃப்" என்பதும், உட்பெறுமானத்தை 20 தசம தானங்களுக்குப் பார்க்க "டூஃபிக்ஸ்ட்" என்பதும் உதவும். மேலே தந்த 20 தசம தானப் பெறுமானங்களை நீங்களும் இவ்வாறே பெற்றுப் பார்க்கலாம்.

டூஃபிக்ஸ்ட் பற்றி ஓர் எச்சரிக்கை. இரு தசம தானங்களுக்கு மட்டந்தட்டினால் ஒப்பீடு சரியாகிவிடும் என எண்ணிப் பலர் இதனையே பரிகாரமாகவும் கையாளுகின்றனர். ஆனால் அது தருவது எண் அன்று, சரம். "9.00" ஐயும் "10.00" ஐயும் < ஆல் ஒப்பிட்டால், 100 பெற்ற மாணவருக்கு நேர்ந்ததே நேரும். இக்கட்டளையைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்க.

சரியாக ஒப்பிடும் முறைகள்

இயன்றவரை நிறைவெண்களாகவே வைத்து ஒப்பிடுவது சாலச் சிறந்தது. பங்குகளை 0.7, 0.2, 0.1 என எழுதாமல் 70, 20, 10 என எழுதி, கூட்டுத்தொகை 100 இற்குச் சமனா என்று பார்க்க. எவ்வொழுங்கிலும் விடை சரியாகும். பணத்தை ரூபாவில் வைக்காமல் சதத்தில் வைக்க. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991 வரையுள்ள நிறைவெண்கள் யாவும் துல்லியமாகச் சேமிக்கப்படுவதால் நமது தேவைகளுக்கு இடம் தாராளம்.

ஆயினும் ரூபாவைச் சதமாக்கும் படியிலேயே சிலர் தடுக்கி விழுகின்றனர். 19.99 × 100 இன் விடை கணினியில் 1998.9999999999998. இதன் தசமப் பகுதியைத் துண்டித்து நிறைவெண்ணாக்கினால் 1998 சதம். ஒரு சதம் காணாமற் போய்விடும். துண்டிக்காமல் கிட்டிய நிறைவெண்ணுக்கு மட்டந்தட்டினால் 1999 கிடைக்கும்.

சதவீதக் கணிப்பில் செய்கைகளின் ஒழுங்கு முக்கியமானது. 50 இற்கு 29 புள்ளி பெற்றவரின் சதவீதம் 58 ஆகும். முதலில் வகுத்துப் பின்னர் பெருக்கினால், 29 ÷ 50 × 100 இன் விடை 57.99999999999999 என வரும். எல்லை 58 எனில் அம்மாணவர் அநியாயமாகப் பின்தள்ளப்படுவார். முதலில் பெருக்குக. 29 × 100 = 2900; 2900 ÷ 50 = 58, சரியாக. வகுத்தலையே தவிர்க்க விரும்பின் குறுக்குப் பெருக்கல் உண்டு. 29/50 ≥ 58/100 எனக் கேட்பதற்குப் பதிலாக 29 × 100 ≥ 58 × 50 எனக் கேட்க. இருபுறமும் 2900. தசமம் எங்கும் நுழையவில்லை.

நீளம், வெப்பநிலை போன்ற அளவீடுகளில் தசமத்தைத் தவிர்க்க இயலாது. அங்கு சமனா என்று கேட்பதை விடுத்து, போதிய அளவு நெருக்கமா என்று கேட்க வேண்டும். இரு பெறுமானங்களின் வித்தியாசத்தைக் கண்டு, அதன் குறியை நீக்கி, அது 0.000001 போன்ற ஒரு சிறு எண்ணைவிடக் குறைவா எனச் சோதிக்க. அச்சிறு எண்ணை உங்கள் தரவின் அளவைப் பார்த்துத் தெரிவுசெய்தல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் "எப்சிலன்" எனத் தயாராக ஒரு பெறுமானம் உண்டு. அது 2 இன் −52 ஆம் வலு. 1 இற்கு அண்மையான எண்களுக்கே அது பொருந்தும். மேலேயுள்ள 1998.9999999999998 இற்கும் 1999 இற்கும் இடையிலான வித்தியாசம் எப்சிலனைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிதாதலால், அங்கு அதனைப் பயன்படுத்தினால் அவை சமனல்ல என்றே விடை வரும்.

தரவுத்தளத்திலும் இதே கதைதான். மைஎஸ்கியூஎல் இல் 0.1 ஐ "ஃப்ளோட்" வகைப் புலத்தில் சேமித்து, பின்னர் அப்புலம் 0.1 இற்குச் சமனான பதிவுகளைத் தேடினால் ஒரு பதிவும் கிடைக்காது. பணத்துக்கும் புள்ளிகளுக்கும் "டெசிமல்" வகைப் புலத்தைத் தெரிவுசெய்க. அது பதின்ம இலக்கங்களை உள்ளவாறே வைத்திருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. ஜாவாஸ்கிரிப்டில் இரு உரைப்பெட்டிகளிலிருந்து பெற்ற "8.5", "12" ஆகியவற்றை மாற்றமின்றி ஒப்பிட்டால், "8.5" < "12" என்பதன் விடை யாது?

2. 0.3, 0.375, 0.15, 2.75 ஆகியவற்றுள் துவித முறையில் துல்லியமாகச் சேமிக்கத்தக்கவை எவை?

3. பின்வரும் போலிக் குறிமுறையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி இயக்கினால் யாது நிகழும்? அதனைத் திருத்துக.

நீளம் = 0
நீளம் 1 இற்குச் சமனாகும் வரை திரும்பத் திரும்பச் செய்
  நீளம் = நீளம் + 0.1
  நீளத்தைக் காட்டு

விடைகள்

1. "பொய்". 8 இன் குறியெண் 56, 1 இன் குறியெண் 49. முதல் வரியுருவிலேயே முடிவு எடுக்கப்படும்.

2. 0.375 (3/8), 2.75 (11/4). மற்றையவற்றின் பகுதியெண்கள் முறையே 10, 20 ஆதலால் 5 என்னும் காரணி எஞ்சுகிறது.

3. பத்தாவது தடவையில் நீளம் 0.9999999999999999 ஆகும், பதினோராவது தடவையில் 1.0999999999999999 ஆகும். ஒருபோதும் 1 இற்குச் சமனாகாது. மடக்கு முடிவின்றிச் சுழன்று, உலாவியில் அப்பக்கம் உறைந்து நின்றுவிடும். முடிவு நிபந்தனையை "1 அல்லது அதற்கு மேல்" என மாற்றினால் மடக்கு நிற்கும். ஆயினும் மேலதிகமாக ஒரு தடவை சுற்றிவிடும். சரியான திருத்தம், 1 முதல் 10 வரை நிறைவெண்ணாக எண்ணும் மாறியொன்றை அமைத்து, ஒவ்வொரு தடவையும் அதனை 10 ஆல் வகுத்து நீளத்தைப் பெறுவதாகும். பத்தாவது தடவையில் 10 ÷ 10 = 1, துல்லியமாக.